தெட்சிணாமூர்த்தி பார்த்த ஹெட்செட் பொருத்தம்

ஆலமரத்தடியில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமலே நாலு முனிவர்களுக்கும் எல்லாவற்றையும் விளங்க வைத்த சாமியின் பெயரைக் காரைக்கால் பக்கம் தலத்தெருவில் ஒரு குழந்தைக்கு வைத்தார்கள். வைத்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அப்போது குழந்தைக்குப் பேச்சு வரவில்லை. வந்த பிறகு நிற்கவில்லை.

தெட்சிணாமூர்த்தி காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மேசைக்குப் போன கோப்பு நகராது என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அது அநியாயம். கோப்பு அன்றைக்கே நகர்ந்துவிடும். கோப்பைக் கொண்டுபோன ஆளால்தான் நகர முடியாது. சான்றிதழ் கேட்டு வந்தவருக்குச் சர்க்கரை வியாதிக்கு வைத்தியம் சொல்வார். வைத்தியத்தைக் கேட்டுக்கொண்டவரை விட்டுவிடாமல், திருநள்ளாற்றுச் சனிப்பெயர்ச்சியை எந்தப் பஞ்சாங்கப்படி கொண்டாட வேண்டும் என்பதையும் விளக்குவார். பாண்டிச்சேரித் தலைமை அலுவலகத்திலிருந்து ஏதாவது விவரம் கேட்டுப் போன் வந்தால் இவர்தான் எடுப்பார். சற்று நேரத்தில், விவரம் வேண்டாம் என்று அவர்களே வைத்துவிடுவார்கள். பணி நிறைவு விழாவில் இவருடைய ஏற்புரையைப் பந்தி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்த புண்ணியவான் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

கெட்ட மனிதர் அல்லர். யாரிடமும் கை நீட்டியதில்லை. நீட்டினாலும் பரவாயில்லை, வாங்கிக்கொண்டு சீக்கிரம் அனுப்பினால் போதும் என்று ஏங்கியவர்கள் உண்டு.

ஓய்வு பெற்றதும் அவருக்கு வந்த பெரிய கஷ்டம், எதிரே நாற்காலியில் உட்கார ஆள் இல்லாமல் போனது. அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஜாதகப் பொருத்தம் பார்க்க ஆரம்பித்தார். தட்சிணை கிடையாது, வெற்றிலை பாக்குகூட வேண்டாம். பெண் வீட்டாரோ பிள்ளை வீட்டாரோ வந்து எதிரே உட்கார்ந்தால் போதும். பத்துப் பொருத்தத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து, பிரித்து, அலசி, காயப்போட்டு, கடைசியில் ரஜ்ஜுவுக்கு வருவார். ரஜ்ஜு என்றால் கயிறு. மற்ற ஒன்பதும் முன்னே பின்னே இருந்தாலும் சமாளிக்கலாம், ரஜ்ஜு தட்டினால் அந்த இடமே வேண்டாம் என்பது அவர் தீர்ப்பு. வந்தவர்களுக்கு அதற்குள் எந்த இடமானாலும் சரி என்று தோன்றியிருக்கும்.

மனைவி பெயர் தையல்நாயகி. கல்யாணமான நாளிலிருந்து அந்த அம்மாள் ஆரம்பித்த வாக்கியங்களையெல்லாம் இவர்தான் முடித்து வைத்திருக்கிறார், பெரும்பாலும் தப்பாக. “சாம்பாருக்கு…” என்று அவள் வாயெடுத்தால், “புளி இல்லையா? நேத்தே சொன்னேன்ல” என்பார். பருப்பு அடிப்பிடித்துப்போன செய்தி அவருக்குச் சாப்பிட உட்காரும்போதுதான் தெரியும்.

ஒரே மகள் தாமரைச்செல்வி. பெங்களூரில் பெரிய கம்பெனி ஒன்றில் வேலை. தெருவில் அது தெரியாத ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவர் மகளைக் கூப்பிடுவார். போனைக் காதில் வைக்கும் வழக்கம் இல்லை. காதில் வைத்தால் மூளை சூடாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் படித்திருந்தார். ஆகையால் கற்பூரத் தட்டைப் போல உள்ளங்கையில் ஏந்தி, ஸ்பீக்கரைப் போட்டு, வாய்க்கு நேரே பிடித்துப் பேசுவார். தாமரைச்செல்விக்குச் சளி பிடித்தது, அவள் தங்கியிருந்த ஹாஸ்டலில் தண்ணீர் வராதது, அவளுக்குப் போனஸ் வந்தது எல்லாம் அக்கம்பக்கத்தில் பொதுச் செய்திகள். மகள் பேசுவது என்னவோ “ம்”, “சரிப்பா”, “ஆமாப்பா” என்ற மூன்றுதான். நல்ல மரியாதையான பெண் என்று தெருவில் பெயர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, போலகம் என்ற பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை ஜாதகத்தை அவர் மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ரஜ்ஜு பிரமாதம். பையனுக்கு வங்கி வேலை. பெண் பெரிய கம்பெனியில் இருப்பதைக் கேட்டுத்தான் அவர்களே வலிய வந்திருக்கிறார்கள். இந்த இடத்தில் தையல்நாயகி காபியை நீட்டினாள். அவர் ஒரு வாய் குடித்தார். அந்த ஒரு வாய்க்குள் தாமரைச்செல்வி ஒரு முழுப் பேச்சைப் பேசி முடித்துவிட்டாள்.

“அப்பா, ஒங்கள்ட்ட ஒரு விஷயம் சொல்லணும். ஸ்பீக்கர்ல சொல்ல மாட்டேன். மைக் வெச்ச ஹெட்செட் ஒண்ணு வாங்கி மாட்டிக்கிட்டு பேசுங்க. அப்ப சொல்றேன்.”

சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். எழுதி அனுப்பலாமே என்று கேட்பீர்கள். முன்பு ஒரு தடவை நீளமாக எழுதி அனுப்பியிருந்தாள். அவர் முதல் நாலு வரியைப் படித்துவிட்டு, மீதியைப் படிக்காமலே அவளைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு, ஒரு விண்ணப்பம் எப்படிச் சுருக்கமாக எழுதப்பட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்.

என்ன விஷயமாக இருக்கும்? தெட்சிணாமூர்த்திக்குச் சந்தேகமே இல்லை. போலகத்துப் பையனின் போட்டோ பிடித்துவிட்டது, தெருவெல்லாம் கேட்கச் சொல்ல வெட்கப்படுகிறாள். தையல்நாயகி வேறு எதையோ நினைத்தாள். “பொங்கலுக்கு வந்தப்பவே அது மொகம்…” என்று ஆரம்பித்தாள். “களையா இருந்துச்சு, நானும் பாத்தேன்” என்று அவர் முடித்துவிட்டார். அவள் உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தாள்.

போலகத்துக்காரர்கள் அடுத்த வாரம் பதில் எதிர்பார்க்கிறார்கள். மகள் வாயால் சம்மதம் கேட்க வேண்டும். அதற்கு முதலில் ஹெட்செட் வேண்டும். மறுநாளே தெட்சிணாமூர்த்தி கிளம்பினார்.

வேறொருவராக இருந்தால் கடைக்குப் போய், போனைக் காட்டி, ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு வந்திருப்பார். இவர் பொருத்தம் பார்க்கிறவர். போன் ஒரு ஜாதகம், ஹெட்செட் இன்னொரு ஜாதகம். பாரதியார் சாலையில் செல்போன் சாமான் கடை வைத்திருக்கும் இஃபாத்துக்கு இந்த விவரம் தெரியாது. அவன் வழக்கம்போல, கம்பியே இல்லாத புளூடூத்தை முதலில் எடுத்து வைத்தான். இப்போது எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றான்.

“கயிறே இல்லாம என்னய்யா சம்பந்தம்?” என்றார் தெட்சிணாமூர்த்தி.

இஃபாத்துக்குப் புரியவில்லை. அவர் புரிய வைத்தார். ரஜ்ஜு என்றால் என்ன, அது எத்தனை வகை, எது தட்டினால் யாருக்கு ஆகாது என்பதெல்லாம் முடிவதற்குள் சார்ஜர் வாங்க வந்த ஒருவர் வாங்காமலே போய்விட்டார். மேலும், கம்பியில்லாததைக் காதில் செருகிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து பேசினால், ஓய்வு பெற்ற மனுஷனுக்குத் தனியாகப் பேசும் வியாதி வந்துவிட்டது என்றுதான் தெருவில் நினைப்பார்கள். கம்பி தொங்கினால்தான் எதிர்ப்பக்கம் ஆள் இருப்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியும் என்றார்.

சரி, கம்பி வைத்தது. அதில் தட்டையான டைப் சி முனை ஒன்று, உருண்டையான பழைய பின் ஒன்று. அவர் போனில் உருண்டை ஓட்டைதான் இருந்தது. இது ராசிப் பொருத்தம், தட்டையான இனமே ஆகாது என்று தள்ளினார். உருண்டைப் பின்னில் இரண்டு கறுப்பு வளையம் போட்டது பாட்டுக் கேட்க மட்டும். மூன்று வளையம் போட்டதில்தான் மைக் உண்டு. இதை இஃபாத் சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம். நெற்றியில் பட்டை போட்டவனை அடையாளம் கண்டுகொள்வது மாதிரி இது எளிதாக இருந்தது. கம்பியின் நடுவே தொங்கும் சின்னக் கட்டையில் பொத்தான்கள் இருந்தன. அழைப்பை எடுக்க ஒன்று, சத்தத்தைக் கூட்டக் குறைக்க இரண்டு. சில போனில் எல்லாப் பொத்தானும் வேலை செய்யும், சில போனில் நடுப்பொத்தான் மட்டும்தான் என்றான் இஃபாத். அது வசியப் பொருத்தம் என்று இவர் சொன்னார். போன் எவ்வளவு தூரம் சொன்னபடி கேட்கும் என்பது.

“இது நம்ம போனுக்கு செட் ஆவும்ல?”

“இன்ஷா அல்லா ஆவும் சார்.”

“கேரண்டி கேட்டா கடவுள் மேல பாரத்த போடுறியே.”

“நீங்க பொருத்தம் பாத்து அனுப்புறப்ப யாரு மேல சார் போடுறீங்க?” என்று கேட்டான் இஃபாத். முகத்தில் சிரிப்பே இல்லை. அந்தக் கேள்வி தெட்சிணாமூர்த்திக்குப் பிடிக்கவில்லை. மேலும் அந்த ஹெட்செட்டின் பெட்டியெல்லாம் சீன எழுத்து. அதனால் கணம் சரியில்லை, ராட்சச கணம் என்று முடிவு செய்தார். பெண் பார்த்துவிட்டுப் போகும் பிள்ளை வீட்டார் மாதிரி, “போய் கலந்துகிட்டு சொல்றோம்” என்று எழுந்தார். இஃபாத் கைகூப்பி வழியனுப்பினான். இப்படியே பஸ் நிலையம் வரை உள்ள அத்தனை கடையிலும் கலந்துகொண்டு சொல்வதாகச் சொல்லிவிட்டு, வெறுங்கையோடு வீடு வந்தார்.

தலத்தெருவில் அடுத்த வீட்டுக்காரர் சவரிநாதன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்கியவர். அண்ணன் பிரான்சில் குடியேறி, பிரஜையாகி, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பெட்டி நிறையச் சாமானோடு வந்துபோவார். காரைக்காலில் பிரான்ஸ் சாமான் என்றால் தனி மதிப்பு. அங்கேயே எந்தக் கடையில் எதை வாங்கினாலும், எந்த நாட்டில் செய்ததானாலும், பிரான்ஸ் பெட்டிக்குள்ளிருந்து வெளியே வந்தால் அது பிரான்ஸ் சாமான். தேதி முடிந்த சாக்லேட்டைக்கூடப் பிரிட்ஜில் பத்திரமாக வைத்திருந்து, முக்கியமான விருந்தாளிக்கு மட்டும் ஒரு துண்டு ஒடித்துக் கொடுப்பார்கள். விருந்தாளியும் அதை வாயில் போட்டுக்கொண்டு ருசியே வேறு என்பார்.

ஹெட்செட் தேடும் கதை சுவர் வழியாகச் சவரிநாதன் காதில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வந்து, கொஞ்சம் கண்ணயரலாம் என்று படுக்கும் மனிதர் அவர். எத்தனை வருஷமாகத் தெட்சிணாமூர்த்தியின் ஸ்பீக்கர் அவரை எழுப்பியிருக்கிறது என்று கணக்கில்லை. பீரோவைக் குடைந்து, அண்ணன் எப்போதோ கொடுத்த ஒரு ஹெட்செட்டை வெல்வெட் பையோடு எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். அதோடு வந்த போன் செத்துப் பல வருஷமாகிறது. ஹெட்செட் மட்டும் பிரிக்காமல் கிடந்தது.

“பிரான்ஸ் சாமான். வெச்சுக்குங்க மூர்த்தி. திருப்பித் தர வேணாம்” என்றார் சவரிநாதன். அவர் குரலில் இருந்த பிரார்த்தனையைத் தெட்சிணாமூர்த்தி அன்பு என்று எடுத்துக்கொண்டார்.

உருண்டைப் பின். மூன்று வளையம். நடுவில் கட்டை, கட்டையில் பொத்தான். ஓட்டையில் வைத்ததும் அலுங்காமல் உள்ளே போய் உட்கார்ந்தது. பத்துக்குப் பத்து என்றார் தெட்சிணாமூர்த்தி.

பத்துக்குப் பத்துத்தான், ஆனால் ஒரு விஷயம் அவருக்குத் தெரியாது. வளையத்தின் எண்ணிக்கை மட்டும் போதாது, எந்த வளையத்தில் எந்த இணைப்பு என்ற வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். அதில் இரண்டு முறை உண்டு. பழைய போன்கள் சிலவற்றுக்கு ஒரு வரிசை, இப்போது வருகிறவற்றுக்கு வேறு வரிசை. நம்மிடம் வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என்று இரண்டு இருப்பது போலத்தான். இரண்டிலும் அதே சனி, அதே பன்னிரண்டு ராசி. ஆனால் டிவியில் சனி பெயர்ந்துவிட்டது என்பார்கள், திருநள்ளாற்றில் இன்னும் இல்லை என்பார்கள். பெண் ஜாதகத்தை ஒரு பஞ்சாங்கத்திலும் பிள்ளை ஜாதகத்தை இன்னொன்றிலும் கணித்து வைத்துப் பார்த்தால் பொருத்தம் என்ன லட்சணத்தில் இருக்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் அவர். ஹெட்செட்டுக்கும் பஞ்சாங்கம் உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல முயன்றிருந்தாலும் இடம் கிடைத்திருக்காது.

பரீட்சைக்காக ஒரு பக்திப் பாட்டைப் போட்டார். தவில் கேட்டது, நாதஸ்வரம் கேட்டது, பாடுகிறவர் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பாடினார். கட்டையைப் பிடித்துத் திருகியபோது கட்டைவிரல் நடுப்பொத்தானில் அழுந்தியது. உடனே பாடகர் கிணற்றிலிருந்து ஏறி வந்து காதுக்குள் நின்று பாடினார். விரலை எடுத்தால் மறுபடி கிணறு. பொருந்தாத ஹெட்செட் செய்யும் கோளாறு இது. தெட்சிணாமூர்த்தி இதைக் கோளாறு என்று நினைக்கவில்லை.

“கன்ட்ரோல்னா இதான்” என்று தையல்நாயகியிடம் சொன்னார். “நம்ம அனுமதிச்சாத்தான் கேக்கும். பிரான்சுக்காரன் பிரான்சுக்காரன்தான்.”

இஃபாத்தின் கடைக்கு ஒரு நடை போய் அதையும் காட்டிவிட்டு வந்தார். இஃபாத் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தெட்சிணாமூர்த்தி அதற்குள் பிரான்சில் பொருள்கள் எப்படிப் பரிசோதிக்கப்படுகின்றன என்று விளக்கத் தொடங்கியிருந்தார். இஃபாத் வாயை மூடிக்கொண்டு அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வாசலில் நாற்காலி. இரண்டு காதிலும் பிரான்ஸ். மடியில் போன், இடது கையில் கட்டை, கட்டைவிரல் பொத்தான் மேல். வலது கையை வீசிப் பேச வசதியாகக் காலியாக வைத்துக்கொண்டார். சவரிநாதன் பூசையிலிருந்து வந்து ஜன்னலைத் திறந்து வைத்தே படுத்தார்.

தாமரைச்செல்வி எடுத்தாள். தெட்சிணாமூர்த்தி முதலில் ஹெட்செட் வந்த வரலாற்றைச் சொன்னார். புளூடூத்தை ஏன் விலக்கினார் என்று சொன்னார். சவரிநாதனின் அப்பா எந்த ஊர்ச் சண்டையில் இருந்தார் என்பது வரைக்கும் வந்த பிறகுதான், மகள் அந்தப் பக்கம் “அப்பா, அப்பா, லைன்ல இருக்கீங்களா” என்று விடாமல் கேட்டுக்கொண்டிருப்பது அவருக்கு உறைத்தது. சத்தம் போட்டுப் பார்த்தார். மைக்கை உதட்டில் வைத்துப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். அவள் குரல் அவருக்கு வெகு தெளிவாகக் கேட்டது. அவர் குரல் தலத்தெருவைத் தாண்டவில்லை.

பொத்தானை விடாமல், வலது ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி வாட்ஸ்அப்பில் அனுப்பினார்: நீ பேசுவது கேட்கிறது. நான் பேசுவது?

“கேக்கலப்பா” என்றாள் தாமரைச்செல்வி. அப்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியிருக்க வேண்டும். “நான் சொல்றது ஒங்களுக்கு கேக்குது. நீங்க பேசுறது எனக்கு கேக்கல. அப்படித்தானப்பா?”

ஆமாம், என்று அனுப்பினார். பின்னைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போடவா, என்று அடுத்ததையும் அனுப்பினார்.

“கழட்டாதீங்க. எதையும் தொடாதீங்க. அப்படியே இருங்க” என்றாள். “எனக்கு வேல போயிடுச்சுப்பா. இப்ப இல்ல, பொங்கலுக்கு முன்னாடியே. எங்க டீமையே மொத்தமா எடுத்துட்டாங்க. பொங்கலுக்கு வந்ததே ஒங்கள்ட்ட சொல்லத்தான். நீங்க வாசல்ல நாலு பேர உக்கார வெச்சுக்கிட்டு, எம்பொண்ணு கம்பெனி அப்படி, இப்படின்னு சொல்லிக்கிட்டிருந்தீங்க. நான் சொல்லாமயே பஸ் ஏறிட்டேன்.”

தெட்சிணாமூர்த்தி துள்ளினார். அதெப்படி எடுப்பான், எழுத்துமூலமாக உத்தரவு கொடுத்தானா, அதன் நகல் எங்கே, தொழிலாளர் துறைக்கு ஒரு மனு எழுதினாயா என்று வலது கையை வீசிக் கேட்டார். வீசிய வேகத்தில் இடது கை ஆடி, விரல் நழுவி, மகள் கிணற்றில் விழுந்துவிட்டாள். பதறிப்போய்ப் பொத்தானை அழுத்திப் பிடித்தார். நடுவில் நாலு வார்த்தை போயே போய்விட்டது. மறுபடி ஒரு கேள்வியை எடுத்தார், மறுபடி விரல் நழுவியது. கேட்க வேண்டுமானால் ஆடாமல் உட்கார்ந்து, அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பேசினால் யாருக்கும் கேட்கவில்லை. கேட்க ஆளே இல்லாமல் எவ்வளவு நேரம்தான் பேசுவது? தெட்சிணாமூர்த்தியே நிறுத்திவிட்டார்.

அவள் பேசிக்கொண்டே போனாள். இவ்வளவு பேசக்கூடிய பெண் என்று அவருக்குத் தெரியாது. ஹாஸ்டலுக்குப் பக்கத்து அடுக்குமாடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். பிள்ளைகள் அவளிடம் ஒட்டிக்கொண்டுவிட்டார்கள். அது அவளுக்குப் பிடித்துமிருக்கிறது. பகலில் ஹாஸ்டல் அறையில் இருந்தால் மற்ற பெண்கள் கேட்பார்கள் என்று பையை மாட்டிக்கொண்டு வெளியே போய் ஏதாவது பார்க்கில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவாளாம். ஒரு நாள் மழையில் நனைந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த வாரம்தான் சளி பிடித்தது. சுக்குக் கஷாயம் செய்யும் முறையை அவர் தெருவுக்கே கேட்கும்படி அவளுக்குச் சொன்னது அந்தச் சளிக்குத்தான்.

தையல்நாயகி நிலைப்படியில் வந்து நின்றாள். வாசலில் சத்தம் கேட்காததால் பயந்துபோய் வந்திருந்தாள். என்னவாம் என்று கையால் கேட்டாள். அவர் இரு என்று கையால் சொன்னார்.

“ஞாயித்துக்கெழம வந்தாலே போன எடுக்க பயமா இருக்குப்பா” என்றது காதுக்குள் குரல். “நீங்க கூப்புடுவீங்க, நான் ஆபீஸ் போய்ட்டு வந்த மாதிரி பேசணும். போலகத்துக்காரங்கள்ட்ட நீங்க சொல்லி வெச்சிருக்கறது ஒங்க பொய்யி இல்ல, எம்பொய்யி. அத தூக்கிக்கிட்டு நான் அந்த வீட்டுக்கு போவ முடியாது. நீங்க அவங்கள்ட்ட சொல்லிடுங்க. இன்னொண்ணும் இருக்கு…”

போலகம் என்ற சொல்லில் அவருக்குப் பொறுமை போய்விட்டது. நேற்றுத்தான் அவர்களைக் கூப்பிட்டு, பெண்ணுக்குச் சம்மதம் மாதிரிதான், வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று சொல்லியிருந்தார். வெடுக்கென்று பின்னைப் பிடுங்கினார். ஸ்பீக்கரைத் தட்டினார்.

“நான் அவங்க மொகத்துல எப்படி முழிப்பேன்? தெருவுல எப்படி நடப்பேன்?”

இது பெங்களூருக்குப் போயிற்று. தெருவுக்கும் போயிற்று. சவரிநாதன் வீட்டு ஜன்னல் சாத்தப்பட்டது.

பிறகு, “கேக்குதுப்பா” என்றாள் தாமரைச்செல்வி. அது வேறு குரல். மழையில் நனைந்ததைச் சொல்லிச் சிரித்த பெண்ணை அதில் காணோம். சின்னதாக, தட்டையாக, மரியாதையாக இருந்தது. அவருக்கு நன்றாகத் தெரிந்த குரல்தான். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளாக அதைத்தான் தன் மகளின் குரல் என்று நினைத்திருந்தார்.

“ஒண்ணுமில்லப்பா. நான் நல்லாத்தான் இருக்கேன். ஒங்களுக்கு லைன் சரியாயிடுச்சுல்ல, அப்பறம் பேசுறேன். வெக்கிறேன்ப்பா.”

தெட்சிணாமூர்த்திக்குப் பயமாக இருந்தது. அவள் வைத்துவிடுவாள். வைத்துவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ம், சரிப்பா, ஆமாப்பாதான். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதேதான். சொல்ல வேண்டியது அவரிடம் நிறைய இருந்தது. மனு எழுதும் முறை, போலகத்துக்கு என்ன பதில் சொல்வது, யாரைப் பிடித்தால் வேறு வேலை கிடைக்கும் என்பதெல்லாம் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன. எல்லாவற்றையும் விழுங்கினார். விழுங்குவது அத்தனை கஷ்டமாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“வெக்காதம்மா” என்றார். “இன்னொண்ணு இருக்குன்னியே. அதயும் சொல்லு.”

சொல்லிவிட்டு, அவள் பதில் சொல்வதற்குள், ஓட்டையைத் தேடிப் பின்னைத் திரும்பச் செருகினார். ஒரு பக்கத்தைத் தன் காதில் வைத்துக்கொண்டு, மறுபக்கத்தை நிலைப்படியில் நின்றவளிடம் நீட்டினார். தையல்நாயகி வந்து கீழே உட்கார்ந்து அதைக் காதில் வைத்துக்கொண்டாள். அவர் கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினார்.

“அப்பா?” என்றாள் தாமரைச்செல்வி. “அப்பா, இருக்கீங்களா?”

“சொல்லும்மா” என்றார். அது பெங்களூருக்குப் போகவில்லை. அப்பா மறுபடி அதை மாட்டிக்கொண்டதைப் புரிந்துகொண்டு, அவள் பேச ஆரம்பித்தாள்.